சரணம் சுருங்கிய வரலாறு: தமிழ்க் கிறிஸ்தவ ஆராதனைப் பாடலின் கவித்துவமும் இறையியலும்

தமிழ்ச் சபைகளில் பாட்டைப் பற்றிய வழக்கு ஓய்ந்தபாடில்லை. இன்றைய ஆராதனைப் பாடல்களில் ஆழமில்லை என்று மூத்தவர்கள் வருந்துகிறார்கள். பாமாலையும் கீர்த்தனையும் தங்கள் நெஞ்சைத் தொடவில்லை என்று இளையவர்கள் சொல்கிறார்கள். இரு தரப்பும் தங்கள் பிரியத்தையே சான்றாக வைப்பதால் வழக்கு நின்ற இடத்திலேயே நிற்கிறது. இக்கட்டுரை பாட்டின் வடிவத்திலிருந்து தொடங்குகிறது. தமிழ்க் கிறிஸ்தவப் பாடலில் இறையியல் குடியிருந்த இடம் சரணம். பல்லவி அழைக்கும், கதை சொல்வதும் வாதாடுவதும் கற்பிப்பதும் சரணங்களின் வேலை. கடந்த அரை நூற்றாண்டில் சரணம் சுருங்கிப் பல்லவி பெருத்தது. பாட்டின் தரம் பற்றிய பேச்சு முழுவதும் இந்த ஒரு மாற்றத்தைச் சுற்றியே நிகழ்கிறது என்பது என் துணிபு.

புராட்டஸ்டண்டு, பெந்தெகொஸ்தே சபைகளை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன். வீரமாமுனிவர் தொடங்கி, இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பெருகிய திருப்பலிப் பாடல்கள் வரை நீளும் கத்தோலிக்க மரபு தனி ஆய்வுக்குரியது.

ஞானப்பாட்டும் அதன் இடறலும்

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கிய மிஷனெரிகளான சீகன்பால்குவும் புளுட்சோவும் லுத்தரன் மரபினர். சபையார் அனைவரும் தங்கள் தாய்மொழியில் சேர்ந்து பாட வேண்டும் என்பது லுத்தர் ஏற்படுத்திய வழக்கம். வேதப்புத்தகம், ஞானோபதேசம், பாட்டுப் புத்தகம் மூன்றும் இருந்தால்தான் அவர்களுக்குச் சபை. ஆகவே ஜெர்மானியப் பாடல்கள் தமிழாக்கப்பட்டு, ஜெர்மானிய மெட்டிலேயே பாடப்பட்டன. ஞானப்பாட்டு என்று பெயர்பெற்ற அந்தத் தொகுதி தலைமுறைதோறும் வளர்ந்தது. 1742 முதல் சென்னையில் ஊழியம் செய்து 1791-இல் மறைந்த பப்ரீஷியஸ் ஐயர் அதற்கு ஏராளமான பாடல்களைப் பெயர்த்துத் தந்தார்.

இறையியல் நோக்கில் ஞானப்பாட்டு கெட்டியானது. பாவம், கிருபை, சிலுவை, விசுவாசம், மரணம், நித்தியம் என்று அடி அடியாக நகரும் பாடல்கள் அவை. ஒரு பாட்டை முழுதும் பாடி முடித்தவர் பாதிப் பிரசங்கம் கேட்டவர். கவிதை நோக்கில் நிலைமை வேறு. ஜெர்மன் மொழியின் ஓசை அழுத்தத்தில் நடக்கிறது, தமிழின் ஓசை குறில் நெடிலில் நடக்கிறது. அழுத்தத்துக்காகக் கட்டப்பட்ட மெட்டில் தமிழ்ச் சொல்லைப் பூட்டும்போது, நீண்ட சுரத்தில் குறில் வந்து மாட்டிக்கொள்ளும். 'விடு' என்பது இழுபட்டு 'வீடு' என்று காதில் விழும். 'பட' என்பது 'பாட' ஆகும். சொல்லின் நடுவே மெட்டு முடிந்து மூச்சு வாங்க வேண்டிவரும். பப்ரீஷியஸ் நுட்பமான தமிழறிஞர், அகராதி செய்தவர். அவராலும் இந்த இடறலை முற்றிலும் தாண்ட முடியவில்லை. பிற்காலத்தில் ஆங்கிலப் பாடல்களின் தமிழாக்கங்களும் சேர்ந்து அமைந்த பாமாலையும் அந்தச் சுமையோடேயே வந்தது. ஆர்கன் ஒலியில் அது பாதி மறைந்துபோகும், அவ்வளவுதான்.

தஞ்சாவூரில் நடந்தது

திருநெல்வேலியில் 1774-இல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார், சிறுவனாக இருந்தபோதே மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டவர். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியும் அவரும் ஒரே ஐயரின் நிழலில் வளர்ந்தவர்கள். சாஸ்திரியார் மெட்டுக்குச் சொல் தேடவில்லை. தமிழ் மண்ணில் ஏற்கெனவே பாடப்பட்டும் ஆடப்பட்டும் வந்த வடிவங்களான குறவஞ்சி, நொண்டி நாடகம், ஏற்றப்பாட்டு, மாலை, பதம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு கிறிஸ்துவைப் பாடினார்.

அவருடைய பெத்லகேம் குறவஞ்சியைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். குறவஞ்சி இலக்கணப்படி தலைவன் உலா வருவான், தலைவி மையல் கொள்வாள், குறத்தி குறி சொல்வாள், சிங்கன் பறவை பிடிப்பான். சாஸ்திரியார் இந்தச் சட்டகத்தில் ஒரு கட்டையைக்கூட அகற்றவில்லை. உலா வருபவர் பெத்லகேம் நாதர். மையல் கொள்ளும் தேவமோகினி திருச்சபை. குறி சொல்பவள் விசுவாசம். பறவை பிடிக்கும் சிங்கன், ஆத்துமாக்களைச் சேர்க்கும் ஊழியன். இடையில் தரங்கம்பாடியில் தாம் கற்ற வானியலையும், சூரியனைக் கோள்கள் சுற்றிவரும் ஒழுங்கையும், படைத்தவரின் புகழாகச் சேர்த்துப் பாடுகிறார். பாமரர் ரசிக்கும் ஒரு நாடக வடிவத்துக்குள் மீட்பின் வரலாறும் படைப்பின் விரிவும் நெருக்கடியின்றி அமர்ந்திருக்கின்றன. எதுகையும் மோனையும் வரிகளைக் கோக்கின்றன; சந்தம் நினைவில் தங்குகிறது. எழுத்தறியாதவர்களும் கேட்டே மனப்பாடம் செய்துகொள்ள இந்தக் கட்டமைப்பு உதவியது.

இந்த இசைக்கு மிஷனுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனெரிகள் வழிபாட்டில் தமிழ்க் கீர்த்தனைகளை விலக்க முற்பட்டார்கள். தகராறு முற்றி 1829-இல் சாஸ்திரியார் மிஷன் வேலையை இழந்தார். சரபோஜி மன்னர் அவரை ஆதரித்தார். ஆனால் அந்தத் தகராறில் பாட்டு மட்டும் இல்லை, சாதியும் இருந்தது. ஆலயத்தில் சாதிவாரியாக அமரும் வழக்கைப் புதியவர்கள் ஒழிக்க முயன்றபோது, தஞ்சை வேளாளக் கிறிஸ்தவர்களோடு நின்று அந்த வழக்கை ஆதரித்து எழுதியவரும் இதே சாஸ்திரியார்தான். அவருடைய கவிதையைக் கொண்டாடும் கட்டுரைகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. தாண்டக் கூடாது. பின்னால் வந்த நாட்டுப்புறப் பாடல் இயக்கமும், பெந்தெகொஸ்தேக் கோரஸ் ஏழைகளிடையே பரவிய விதமும் இந்தக் காயத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

கீர்த்தனைப் புத்தகத்தின் ஒழுங்கு

சாஸ்திரியாரின் பாடல்களைச் சபை வழிபாட்டுக்கு உரியவையாக்கிய பெருமையில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப்புக்குப் பங்குண்டு. அவர் தொகுத்து 1853-இல் வெளிவந்த கீர்த்தனைத் தொகுதியில் சாஸ்திரியாரின் பாடல்கள் கணிசமாக இடம்பெற்றன. அதன்பின் ஒரு நூற்றாண்டு கீர்த்தனையின் காலம். இரட்சணிய யாத்திரிகம் தந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை வைணவப் பாசுரத்தின் உருக்கத்தைக் கொண்டுவந்தார். கருணாமிர்த சாகரம் என்னும் பேரிசை நூலை 1917-இல் வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் இசையறிவோடு கீர்த்தனை எழுதினார். உபதேசியார்களும் ஆசிரியர்களும் ஊர் ஊராக எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாமாலையும் கீர்த்தனையும் மாறி மாறி வரும் இரட்டை வழக்கம் நிலைபெற்றது. தென்னிந்தியத் திருச்சபையில் அது இன்றும் தொடர்கிறது.

ஒரு கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்து அதன் பொருளடக்கத்தைப் பாருங்கள். திரியேகர், கிறிஸ்து பிறப்பு, பாடுகள், உயிர்த்தெழுதல், பரிசுத்த ஆவி, ஞானஸ்நானம், திருவிருந்து, காலை, மாலை, விவாகம், அறுப்பு, மரணம் என்று போகும். திருச்சபை ஆண்டையும் மனித வாழ்க்கையையும் ஒருசேரச் சுற்றிவரும் பாடத்திட்டம் அது. பாட்டைத் தேர்ந்தெடுப்பவர் தமக்குப் பிடித்த பொருளிலேயே நின்றுவிட முடியாது. நாட்காட்டி அவரை நகர்த்தும். நான்கு முதல் எட்டுச் சரணங்கள் கொண்ட ஒரு பாடுகளின் கீர்த்தனை கெத்செமனேயில் தொடங்கிக் கல்லறையில் முடியும். மூன்றாம் சரணத்தை விட்டுவிட்டால் பிலாத்துவின் அரண்மனையைக் காணாமல் போய்விடுவோம்.

கோரஸ் வந்த வழி

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த ஒழுங்கு வேறொரு திசையிலிருந்து குலைந்தது. கொழும்பில் 1923-இல் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனும், தமிழகத்தில் பெருகிய பிற பெந்தெகொஸ்தே சபைகளும் பாட்டுக்கு வேறொரு வேலை கொடுத்தன. கைதட்டல், டோலக், கஞ்சிரா, உடனே பிடித்துக்கொள்ளும் மெட்டு, திரும்பத் திரும்ப வரும் பல்லவி. புத்தகமே இல்லாமல் பாடலாம். எழுத்தறியாத பெண்கள், கூலி வேலை முடித்து மாலைக் கூட்டத்துக்கு வருபவர்கள், சாஸ்திரியாரின் தஞ்சையில் பின்வரிசையில் உட்காரவைக்கப்பட்டவர்களின் சந்ததியார் முதல் நாளே வாய்திறந்து பாடினார்கள். பாடல்களை எழுதி, மெட்டமைத்து, தாமே பாடிப் பிரசங்கித்த சாரா நவரோஜி போன்ற ஒரு பெண்ணுக்குப் பழைய சபைகளின் பிரசங்க மேடை அந்நாளில் கிடைத்திராது. கோரஸை மட்டமாகப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் எழுத வேண்டும்.

வானொலியும் ஒலிநாடாவும் அடுத்துவந்தன. 1970 முதல் சீஷெல்ஸ் தீவிலிருந்து ஃபீபா வானொலியின் சிற்றலையில் வந்த நற்செய்தி நிகழ்ச்சிகள், பிறகு 1980-களின் கேசட் பெருக்கம் இரண்டும் பாட்டைச் சபையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோயின. கோடம்பாக்கத்து வாத்தியக்காரர்களும் திரைப் பின்னணிப் பாடகர்களும் கிறிஸ்தவக் கேசட்டுகளில் ஒலித்தார்கள். கத்தோலிக்கக் குருவாக இருந்து பின்னர் தனி ஊழியம் தொடங்கிய பெர்க்மான்ஸ், ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் என்ற தொடரைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். எல்லாப் பிரிவுச் சபைகளும் பாடும் பொதுப் பாடல்களாக அவை ஆனதற்கு, வேதவசனத்தை ஒட்டியே செல்லும் அவற்றின் எளிய சரணங்கள் ஒரு காரணம். கீர்த்தனைக்கும் இன்றைய ஆராதனைப் பாடலுக்கும் நடுவே நிற்கும் பாலமாக அத்தொடரைக் கருதுகிறேன். சரணம் அங்கே குட்டையாகிவிட்டது, ஆனால் இன்னும் உயிரோடிருந்தது.

இதே காலத்தில் மேற்கிலும் பாட்டின் இறையியல் மாறியது. கனடாவின் அபட்ஸ்ஃபோர்டில் 1946-இல் ரெக் லேசெல் என்னும் போதகர், 22-ஆம் சங்கீதத்தின் மூன்றாம் வசனத்தை வைத்து, துதி எங்கே எழும்புகிறதோ அங்கே கடவுள் வாசம்பண்ணுகிறார் என்று போதிக்கத் தொடங்கினார். 1948-இல் சஸ்காச்சுவானில் எழுந்த பின்மாரி இயக்கத்தின் வழியாக அந்தப் போதனை பரவியதை லிம் சுவீ ஹாங்கும் லெஸ்டர் ரூத்தும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 1971-இல் மாரநாதா இசை நிறுவனம், பிறகு ஜான் விம்பரின் வின்யார்டு சபைகள், சிட்னியில் 1983-இல் தொடங்கிய ஹில்சாங் என்று அந்த ஓட்டம் பெருகியது. 1988-இல் சபைப் பாடல்களுக்கான பதிப்புரிமை அமைப்பான சிசிஎல்ஐ வந்தபின், எந்தப் பாட்டு எத்தனை சபைகளில் பாடப்படுகிறது என்பது பட்டியலானது. பட்டியல் வந்ததும் சந்தையும் வந்தது.

லேசெலின் போதனை பாட்டின் தொழிலையே மாற்றியது என்பது இங்கே முக்கியம். லுத்தரன் ஞானப்பாட்டு கற்பித்தது. கீர்த்தனை கற்பித்து உருக்கியது. புதிய பாட்டு மக்களைப் பிரசன்னத்துக்குள் அழைத்துச் செல்ல வேண்டும். 'துதிகளின் நடுவே தேவன் இறங்குகிறார்' என்பது இன்று எந்தத் தமிழ் வொர்ஷிப் லீடரும் மேடையில் சொல்லும் வாக்கியம். அழைத்துச் செல்லும் பாட்டுக்கு நீண்ட சரணம் தடை. படிக்கவும் யோசிக்கவும் நின்றால் ஓட்டம் அறும் என்பது அவர்களின் நியாயம்.

இன்றைய பாட்டு, அருகிலிருந்து

சென்னையிலோ கோவையிலோ ஒரு புதிய சபையின் ஞாயிறு ஆராதனையில் பாடப்படும் பாட்டின் அமைப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும். கீபோர்டில் நீண்டு ஒலிக்கும் பேட். இரண்டு அல்லது நான்கு வரிச் சரணம். எழுச்சியான கோரஸ், அது மூன்று நான்கு முறை. பிறகு பிரிட்ஜ்: ஒரே ஒரு வரி அல்லது இரண்டு வரி, ட்ரம்ஸ் படிப்படியாக ஏற, எட்டு முறை, பன்னிரண்டு முறை. பாட்டின் உச்சம் இந்தப் பிரிட்ஜில்தான். ஹில்சாங் பாடல்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டது. ஞானப்பாட்டின் இடறலும் அதோடு திரும்பி வந்துவிட்டது: மெட்டு முன்னால், சொல் பின்னால். ஆங்கிலத் தாளத்தில் பொருந்துவதற்காகத் தமிழ்ச் சொல் முறிகிறது, ழகரமும் றகரமும் நாக்கில் நழுவுகின்றன. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மானியர் செய்த தவறை அந்நியர் என்று மன்னிக்கலாம். இப்போது செய்பவர்கள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் என்பதுதான் வேதனை.

கவித்துவம் மெலிந்ததற்கு இலக்கணத்திலும் ஒரு காரணம் கிடக்கிறது. கடவுளை 'நீர்' என்று மரியாதையாக முன்னிலையில் விளிக்கும்போது வினைமுற்றுகள் எல்லாம் ஒரே ஒலியில் முடியும்: தந்தீர், காத்தீர், நடத்தினீர், உயர்த்தினீர். விளிப்பெயர்களும் அப்படியே: நல்லவரே, வல்லவரே, உன்னதரே. இயைபு உழைப்பின்றிக் கைக்கு வந்துவிடுகிறது. எதுகைக்காக ஒரு சொல்லைத் தேடி அலையும்போதுதான் கவிஞன் எதிர்பாராத உவமையில் போய் முட்டுகிறான். சாஸ்திரியாருக்கு அப்படித்தான் கோள்களும் பறவைகளும் கிடைத்தன. தேடாதபோது முந்திய பாட்டின் சொற்களே இந்தப் பாட்டுக்கும் வருகின்றன.

இறையியலுக்கு வருவோம். இன்றைய பாடல்கள் காதல் பாட்டு மாதிரி இருக்கின்றன என்பது மேற்கில் அடிக்கடி எழும் குறை. அதை இங்கேயும் சிலர் அப்படியே ஒப்பிக்கிறார்கள். தமிழில் அந்தக் குறை செல்லாது. ஆழ்வார் பாசுரம் தொட்டு நாயகி பாவம் நம்முடையது, தேவமோகினியும் காதலித்தவள்தான். வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. தேவமோகினி ஒரு சபை. அவள் ஏங்கினால் ஒரு கூட்டமே ஏங்குகிறது. இன்றைய பாட்டின் 'நான்' தனி ஆள். என் கண்ணீர், என் தேவை, என் உயர்வு. என் கதவு திறந்தது, என் எதிரி வெட்கப்பட்டான். புத்தாண்டு இரவில் ஒவ்வொரு சபையும் அறிவிக்கும் வாக்குத்தத்த வசனத்துக்கு ஆண்டுதோறும் ஒரு பாட்டு பிறக்கிறது. அந்த வசனங்கள் பெரும்பாலும் பெருக்கத்தையும் உயர்வையும் பற்றியவை. பாடுபடும்படி அழைக்கும் வசனம் ஆண்டின் வசனமாவது அரிது.

அமெரிக்கச் சபைகளில் 1989 முதல் சுமார் பதினைந்து ஆண்டுகள் அதிகம் பாடப்பட்ட பாடல்களை ஆராய்ந்த லெஸ்டர் ரூத், பிதா, குமாரன், ஆவி என்று மூவரையும் பெயர்சொல்லும் பாடல்கள் மிக அரிது என்று கண்டார். தமிழில் ஆவியானவருக்குக் குறைவில்லை. அது பெந்தெகொஸ்தே தந்த பேறு. குறைந்துபோனவை இயேசுவின் வாழ்க்கைக் கதையும் புலம்பலும். சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் புலம்பல் சார்ந்தவை. இன்றைய தமிழ்ப் பாடல்களிலும் கண்ணீர் நிறைய வருகிறது. ஆனால் அடுத்த வரியிலேயே துடைக்கப்பட்டுவிடுகிறது. ஏன் கைவிட்டீர் என்று கேட்டு, பதில் வராமல், கேள்வியிலேயே நிற்கும் துணிவு அதில் இல்லை. வீட்டில் சாவு விழுந்தால் இது வெளிப்படும். அடக்க ஆராதனைக்கு என்ன பாடுவது என்று தேடும்போது, புதிய சபைக் குடும்பங்களும் பாமாலைக்கும் பழைய கீர்த்தனைக்கும்தான் வருகின்றன.

இதை வைத்துப் புதிய பாட்டைத் தள்ளிவிட நான் ஒப்பமாட்டேன். கற்றவரும் கல்லாதவரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில், கண்மூடிக் கைதூக்கி நிற்பதைக் கீர்த்தனை எல்லா இடத்திலும் சாதிக்கவில்லை. ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் குற்றமில்லை. பழைய ஆராதனை முறையிலும் மன்றாட்டு மாலைகள் உண்டு, 136-ஆம் சங்கீதம் ஒவ்வொரு வசனத்திலும் ஒரே மறுமொழியைத்தான் சொல்கிறது. ஆனால் அந்தச் சங்கீதத்தில் மறுமொழிக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் புதிய செய்தி இருக்கிறது: படைப்பு, எகிப்து, செங்கடல், வனாந்தரம். மறுமொழி கனப்பது அந்தச் செய்திகளால்.

அரசரடியில் எழுந்த இன்னொரு வழி

கீர்த்தனையா கோரஸா என்ற இருவழிக்கு வெளியே ஒரு முயற்சி நடந்தது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று அறியப்பட்டவர். கர்நாடக இசைக் கீர்த்தனை மேல்சாதியின் குரல் என்று அவர் வாதிட்டார். பறையும் கும்மியும் ஒப்பாரியும் ஒலிக்கும் கிராமிய இசை வழிபாடு ஒன்றை முழுமையாக அமைத்தார். ஆண் பெண் பேதம் தோன்றாதபடி கடவுளைப் பெற்றவர் என்று விளித்தார். எல்லாரும் ஓர் உலையில் பொங்கி உண்பதைத் திருவிருந்தின் பொருளாக்கினார். 2005-இல் அவர் மறைந்தார். சோயி ஷெரினியன் அவரைப் பற்றி 2014-இல் விரிவான நூல் வெளியிட்டார்.

அப்பாவுவின் பாடல்களில் பல்லவி எவரும் உடனே பிடித்துக்கொள்ளும்படி எளியது. சரணங்களில் நிலம், கூலி, பசி, சாதி, இயேசு எல்லாம் வருகின்றன. கோரஸின் எளிமையையும் சரணத்தின் உள்ளடக்கத்தையும் ஒரே பாட்டில் வைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தமிழில் எனக்குத் தெரியவில்லை. அவருடைய மாணவர்களான ஆயர்கள் அவற்றைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். பெருநகரத்து ஆராதனை மேடைகளில் அவை ஏறவில்லை. காரணம் இசையின் தரமன்று. அந்த மேடைகள் நாடும் நடுத்தர வர்க்க நாகரிகத்துக்குப் பறையொலி ஒவ்வவில்லை.

அண்மைக் காலத்தில் இளம் இசைஞர்கள் பழைய கீர்த்தனைகளைப் புதிய வாத்திய அமைப்போடு பாடி யூடியூபில் ஏற்றுகிறார்கள். அவர்களின் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் கேட்டுப்பாருங்கள்: பல்லவி, முதல் சரணம், சில வேளை கடைசிச் சரணம், நடுவே புதிதாகச் செருகிய பிரிட்ஜ். ஆறு சரணக் கீர்த்தனையின் நான்கு சரணங்கள் பதிவிலேயே இல்லை. இந்தப் பதிவுகளைக் கேட்டே பாட்டைக் கற்கும் தலைமுறைக்கு அந்த நான்கு சரணங்கள் எழுதப்படாதவற்றுக்குச் சமம். முழுச் சரணங்களையும் பாடிப் பதிவுசெய்வது இன்று சபைகள் கையிலெடுக்கக்கூடிய வேலை. கேசட் காலத்துப் பாடல்களுக்கோ புத்தகமே சரியாக அமையவில்லை. எழுதியவர் பெயரும் ஆண்டும் இல்லாமலேயே அவை கைமாறுகின்றன. அந்நாளில் எழுதியவர்களில் பலர் இன்று முதியவர்களாக நம்மிடையே வாழ்கிறார்கள். இறையியல் கல்லூரிகளின் இசைத்துறைகள் அவர்களிடம் போய், எந்தப் பாட்டு எப்போது, எந்தச் சபைக்காக, எத்தனை சரணங்களோடு எழுதப்பட்டது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியது இப்போதே.